இறந்த அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கியை நாமே நேரடியாக விற்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் லைசென்ஸ் இருந்த ஒரு டபுள் பேரல் துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாக்களும் வீட்டு பீரோவில் இருக்கின்றன. பக்கத்து ஊரில் லைசென்ஸ் உள்ள ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கடைக்குப் போகாமல், பாண்டு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடமே கொடுத்துவிடலாமா? தனியாள் தனியாளுக்கு விற்கலாமா என்று மட்டும் கேட்டால், விற்கலாம், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நடக்கிற நிலையில் நீங்கள் இன்று இல்லை. அந்தத் துப்பாக்கி இத்தனை நாள் உங்கள் வீட்டில் இருந்திருக்கவே கூடாது. அதை முதலில் பார்த்துவிட்டு விற்பனைக்கு வருவோம்.

நான் வக்கீல் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமக் கோப்புகள் வரும் சீட்டில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். சட்டம் என்ன சொல்கிறது, அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்ற இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இல்லாத இடங்களைப் பிரித்தே சொல்கிறேன். உங்கள் அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகைத் துப்பாக்கி, எந்த எண், கடைசியாக எப்போது புதுப்பித்தது என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். அதில் உள்ள ஒரு வரி நான் சொல்வதை மாற்றக்கூடும்.

இந்தியாவில் துப்பாக்கி விஷயம் முழுவதும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளையும் சுற்றியே நடக்கிறது. சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. அந்த உரிமம் ஆளுக்குத் தருவது. துப்பாக்கிக்கோ வீட்டுக்கோ தருவதில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது, பழுதுபார்க்கவோ லைசென்ஸைப் புதுப்பிக்கவோ அவர் எழுத்து மூலம் அனுமதி தந்திருந்தால் நீங்கள் அதை எடுத்துப் போயிருக்கலாம். அவ்வளவு இடம்தான் சட்டம் தருகிறது. அவர் போனதோடு அந்த அனுமதியும் போயிற்று. அதாவது, துப்பாக்கியின் மதிப்பு மற்ற சொத்துகளைப் போல வாரிசுகளுக்கு வரும். அதை வைத்திருக்கும் உரிமை தானாக வராது. நிலத்துக்குப் பட்டா மாற்றுவது போல நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதைப் புரியவைக்கத்தான் நாங்கள் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

இந்த நிலைக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 21ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், எந்தக் காரணத்தாலோ ஒரு ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போய்விட்டால், தேவையில்லாத தாமதம் இல்லாமல் அதைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ராணுவத்தில் இருப்பவர் என்றால் தன் யூனிட் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கலாம். ஒப்படைத்துவிட்டதால் பொருள் அரசுக்குப் போய்விடாது. குறித்த காலத்துக்குள் நீங்களே உரிமம் எடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்; அல்லது உரிமை உள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் செய்யாமல் காலத்தைக் கடத்தினால், கலெக்டர் உத்தரவு போட்டு அரசு எடுத்துக்கொள்ளும். ஆக உங்களுக்கு வரிசை இதுதான்: முதலில் டெபாசிட், பிறகு டெபாசிட்டில் இருந்தபடியே விற்பனை. உங்கள் பீரோவிலிருந்து அவர் பீரோவுக்கு நேராகப் போகவே கூடாது.

எட்டு மாதம் ஆகிவிட்டதே, இப்போது போய்ச் சொன்னால் கேஸ் போடுவார்களா என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதில் சந்தேகமே இல்லை. 3ஆம் பிரிவை மீறியதாக ஒருவர் மேல் வழக்கு நடத்த, 39ஆம் பிரிவின்படி கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்பதும் உறுதி. இறந்தவரின் லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு தானாக வந்து ஒப்படைத்த வாரிசு மேல் வழக்குக்கு அனுமதி கொடுத்து நான் பார்த்ததில்லை. இது என் அனுபவம், உங்களுக்கான உத்தரவாதம் ஆகாது. தானாகப் போய் ஒப்படைப்பதற்கும், வேறு ஏதோ தகராறில் போலீஸ் வந்து பீரோவைத் திறந்து எடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. பங்காளிச் சண்டை இருக்கும் வீடு என்றால் நாளைக்கே போங்கள்.

போகும்போது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒருமுறை ஒருவர் தன் மாமனாரின் துப்பாக்கியை ஜமுக்காளத்தில் சுற்றி, டவுன் பஸ்ஸில் வைத்து, நேராக எங்கள் செக்‌ஷனுக்கே கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு பேரலில் தோட்டா இருந்தது. டபேதார் வெலவெலத்துப் போனார். முதலில் வெறுங்கையோடு, லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், ஒரு மனு ஆகியவற்றோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பொறுப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். ஆள் அனுப்புகிறார்களா, நீங்களே கொண்டுவர வேண்டுமா என்பதை அவர்கள் சொல்லட்டும். மனுவின் நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கையாளத் தெரியாவிட்டால் அதைத் திறந்து பார்க்கும் வேலையே வேண்டாம். தெரிந்தவர் ஒருவரை வைத்து இரண்டு பேரலும் காலி என்று உறுதி செய்த பிறகு தொடுங்கள். தோட்டாக்களையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். பழைய காகித உறைத் தோட்டாக்கள் ஈரத்தில் உப்பி, பித்தளை அடிப்பாகம் பச்சை பிடித்துக் கிடக்கும். அதைச் சுடவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. எத்தனை ஒப்படைத்தீர்கள் என்று எண்ணி ரசீதில் எழுத வையுங்கள்.

தகவலை ஸ்டேஷனில் சொன்னாலும், ஒப்படைப்பது ஸ்டேஷனிலா, கடையிலா என்றால் நான் கடை என்பேன். செலவு கொஞ்சம் ஆகும், வாடகை கேட்பார்கள். ஆனால் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார்கள். ஸ்டேஷன் அறையில் வருடக்கணக்கில் சாத்தி வைத்த துப்பாக்கி துருவேறி, கட்டை பிளந்து திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். விற்கப் போகிற பொருள், விலை இறங்கிவிடும். தேர்தல் அறிவிப்பு வந்தால் மாவட்டத்தில் உள்ள துப்பாக்கிகள் பெரும்பாலும் டெபாசிட்டுக்கு வந்து குவியும். அந்தச் சமயத்தில் உங்கள் கோப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீது வாங்கும்போது எண்ணை நீங்களே கண்ணால் பாருங்கள். டபுள் பேரலில் முன்கட்டையைக் கழற்றிப் பேரலை இறக்கினால், தோட்டா போடும் பகுதிக்கு அடியில் தட்டையான இடம் ஒன்று இருக்கும். சோதனை முத்திரைகளும் பெரும்பாலும் எண்ணும் அங்கேதான் வெட்டியிருக்கும். துப்பாக்கியின் உடல் பகுதியிலும் அதே எண் இருக்க வேண்டும். லைசென்ஸ் புத்தகத்தில் கையால் எழுதிய காலத்தில் 3ஐ 8 என்றும், 1ஐ 7 என்றும் எழுதி, அதையே ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பார்த்துப் பார்த்து எழுதி வந்திருப்பார்கள். பொருளில் ஒரு எண், புத்தகத்தில் ஒரு எண் என்றால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்கவே கூடாது என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்துப் பிழை என்றால் திருத்த மனு கொடுத்துச் சரி செய்துவிடலாம். எண் அராவி அழிக்கப்பட்டிருந்தால் அது வேறு கதை. அப்போது என்னைக் கேட்காதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.

சரி, இப்போது விற்பனை. துப்பாக்கியை விற்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்பது 5ஆம் பிரிவின் பொது விதி. அதற்கு விலக்காக, தன் சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்திருக்க உரிமை உள்ள இன்னொருவருக்கு, வியாபாரி உரிமம் இல்லாமலே விற்கலாம் என்று அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு சொல்கிறது. இரண்டு நிபந்தனைகள் உண்டு. விற்கும் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர் முகவரியையும் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 45 நாள் கழிந்த பிறகே பொருள் கைமாற வேண்டும். அந்த இடைவெளியில் வாங்குபவர் யார், அவர் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

இங்கேதான் சட்டமும் நடைமுறையும் பிரிகின்றன. பிரிவின் வாசகத்தில் தகவல் கொடு, 45 நாள் பொறு என்றுதான் இருக்கிறது. அனுமதி வாங்கு என்று இல்லை. அதனால் 45 நாள் பதில் வராவிட்டால் கொடுத்துவிடலாம் என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். வாசகத்தை மட்டும் பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில், வாங்கியவர் தன் லைசென்ஸில் அந்தத் துப்பாக்கியை ஏற்றப் போகும்போது, விற்றவர் பக்கத்து உத்தரவு எங்கே என்றுதான் முதல் கேள்வி வரும். அது இல்லாமல் அவர் புத்தகத்தில் ஏறாது. ஏறாத துப்பாக்கி அவர் கையில் இருந்தால் சிக்கல் இருவருக்கும்தான். டெபாசிட்டில் உள்ள பொருளுக்கு இது இன்னும் பொருந்தும். எழுத்தில் உத்தரவு வராமல் கடைக்காரரோ இன்ஸ்பெக்டரோ அதை வெளியே விட மாட்டார்கள். எனவே கோப்பு மூன்று மாதம், நான்கு மாதம் இழுத்தாலும் உத்தரவுக்குக் காத்திருங்கள் என்பதுதான் என் யோசனை. எந்தப் படிவம், எத்தனை நகல் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். சென்னை மாதிரி கமிஷனரகம் உள்ள நகரங்களில் கலெக்டர் இடத்தில் போலீஸ் கமிஷனர் இருப்பார். வாரிசாக விற்பதால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும், அம்மா, அக்கா, தம்பி என்று பெயர் உள்ள எல்லோரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். அக்கா வெளிநாட்டில் இருந்தால் அந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.

வாங்குபவர் 'என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது' என்று சொன்னால் அது போதாது. லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். உயிரோடு இருக்கிற லைசென்ஸா, தேதி தாண்டியதா? முன்பு மூன்று வருடத்துக்குக் கொடுத்தார்கள், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் அதில் இருக்கிறதா? உங்கள் பொருளின் வகை அதில் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா? ரிவால்வருக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர் அதைக் காட்டி டபுள் பேரல் வாங்க முடியாது. முக்கியமாக, அவரிடம் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது? முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்துவிட்டது; மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் அதை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் கிளப்பின் உறுப்பினர்களுக்கும் வியாபாரிகளுக்கும் விலக்கு உண்டு. அந்தத் திருத்தம் வந்த புதிதில் நிறைய நல்ல துப்பாக்கிகள் வந்த விலைக்குப் போயின, அது தனிக் கதை. 21 வயது நிரம்பாதவருக்கும், வன்முறைக் குற்றத்தில் சிறைத் தண்டனை பெற்று, அது முடிந்து ஐந்து வருடம் ஆகாதவருக்கும், மனநிலை சரியில்லாதவர் என்று தெரிந்தவருக்கும் கொடுக்கக் கூடாது என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. வாங்குபவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுப்பதே 29ஆம் பிரிவில் குற்றம். 'எனக்குத் தெரியாது சார்' என்பது அங்கே எடுபடாது.

பணம் வாங்கவில்லை, சும்மா கொடுத்தேன், கொஞ்ச நாள் வைத்திருக்கக் கொடுத்தேன் என்பதும் உதவாது. சட்டத்தில் கைமாற்றம் என்பதற்கு வாடகைக்கு விடுவது, இரவல் தருவது, பரிசாகத் தருவது, கையை விட்டுப் பிரிவது எல்லாம் சேர்த்தே பொருள் சொல்லியிருக்கிறார்கள். காட்டுப்பன்றி தொல்லை என்று பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு ராத்திரி கொடுப்பதும் அதில் அடங்கும். தண்டனையில் உள்ள ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். உரிமை உள்ளவருக்கே விற்று, தகவல் கொடுக்காமலோ 45 நாள் பொறுக்காமலோ இருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 5ஆம் பிரிவையே மீறிய விற்பனை என்று வந்துவிட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. சட்டப்படி வைத்திருப்பவருக்குத்தான் 5ஆம் பிரிவின் விலக்கு என்று மேலே சொன்னேன் இல்லையா? உரிமம் இல்லாத வாரிசு வீட்டிலிருந்து நேராக விற்றால் 500 ரூபாய்க் கணக்கில் வருவாரா, ஏழு வருடக் கணக்கில் வருவாரா என்பது வக்கீல்கள் நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய விஷயம். அந்த வாதத்துக்கு நீங்கள் ஏன் ஆளாக வேண்டும்?

அமெரிக்காவில் இரண்டு பேர் பேசி முடித்து வாங்கிக்கொள்கிறார்களே என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அங்கே மத்திய சட்டம் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் கடமையை உரிமம் பெற்ற வியாபாரி மேல்தான் வைக்கிறது. ஒரே மாகாணத்தில் உள்ள இரண்டு தனியாட்களுக்கு இடையே அது இல்லை. கலிபோர்னியா போன்ற மாகாணங்கள் அதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அடிப்படை அங்கே தலைகீழ்: தடை செய்யப்பட்டவர் தவிர எல்லோரும் வைத்திருக்கலாம். நம் ஊரில் அனுமதிக்கப்பட்டவர் மட்டுமே வைத்திருக்கலாம். யூடியூபில் பார்த்ததை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். அதேபோல வாட்ஸ்அப்பில் 'பில் இல்லாமல் கிடைக்கும்' என்று வரும் விளம்பரங்கள் ஒன்று மோசடி, இல்லையென்றால் ஜெயில்.

விலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1980களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். அதனால் வெப்லி அண்ட் ஸ்காட், கிரீனர் போன்ற பழைய இங்கிலாந்துத் தயாரிப்புகளுக்கு நம் நாட்டில் இன்றும் தனி மவுசு. பேரல் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கடையில் டெபாசிட் செய்தால் அவரே ஒரு விலை சொல்வார். வேறு ஒரு கடையிலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்து ஊர்க்காரர் அவசரப்படுகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கலாம். பன்னிரண்டு 'போர்' (bore, குழலின் அளவு) துப்பாக்கிக்கு அடுத்துச் சொல்லும் சிக்கல் இல்லை. ஆனால் சில வீடுகளில் தாத்தா காலத்து .303 ரைஃபிள் கிடக்கும். அது தடை செய்யப்பட்ட வகையில் வருவது. அதை நான் மேலே சொன்ன வழியில் விற்கவே முடியாது, உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டிய விஷயம்.

பழுதுபார்த்தாலும் சுட முடியாத அளவுக்குச் சிதைந்த, பழமை மதிப்புள்ள ஆயுதத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 45ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே தீர்மானித்துவிடக் கூடாது, ஆயுதப் பிரிவு ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். குழல் துளை 0.177 அங்குலத்துக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. குடகில் நண்பர் இருக்கிறார், அங்கே லைசென்ஸே வேண்டாமே என்று சிலர் கிளம்புவார்கள். குடகு மக்களுக்கும் அங்குள்ள ஜம்மா (பரம்பரையாக வரும் நில உரிமை) நில உரிமையாளர்களுக்கும் 2029 அக்டோபர் வரை விலக்கு இருப்பது உண்மைதான். அது அந்த மக்களுக்கு உள்ள சலுகை. அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்தால் கூடவே வராது.

விற்க மனமில்லை, அப்பா நினைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பின்னால் தோன்றினாலும் வழி இருக்கிறது. 2016 விதிகளில் 25ஆவது விதி வாரிசுக்கு உரிமம் தருவதைப் பற்றியது. இறந்தவரின் வாரிசு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருப்பவரே 70 வயது ஆனாலோ, 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, தான் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் தரச் சொல்லிக் கேட்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் வயதான லைசென்ஸ்தாரர் இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். போலீஸ் விசாரணை, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே உங்களுக்கும் உண்டு. வாரிசு என்பதற்காகக் கட்டாயம் கிடைக்கும் என்றில்லை. மறுத்தால் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

கடைசியாக அந்தப் பாண்டு பேப்பர். பணம் கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் அது சாட்சி, அவ்வளவுதான்; துப்பாக்கியைச் சட்டப்படி கைமாற்றும் சக்தி அதற்கு இல்லை. சொல்லப்போனால், உத்தரவுக்கு முந்தைய தேதியில் 'துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், உங்களுக்கு எதிரான ஆதாரத்தை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாக ஆகும். முன்பணம் தருகிறேன் என்றால் முடிந்தவரை வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுக்க முடியாத உறவு என்றால், பொருள் டெபாசிட்டில் இருக்கிறது, அனுமதி கிடைத்தால் மட்டுமே விற்பனை, கிடைக்காவிட்டால் பணம் திரும்பத் தரப்படும் என்ற மூன்றையும் எழுதி, டெபாசிட் ரசீது எண்ணையும் அதில் குறித்து, வங்கி மூலமாக மட்டும் வாங்குங்கள்.